‘ஸ்கீம்’ என்ற ஒரு சொல்: நீதிமன்றத் தீர்ப்பைச் சூழலோடு படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2018 பிப்ரவரி 16. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா அறுவடை முடிகிற நேரம். அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டிக் கொண்டிருந்தது. அன்று காலையில்தான் உச்ச நீதிமன்றத்தின் காவிரித் தீர்ப்பு வந்தது. கர்நாடகம் நமக்கு ஆண்டுக்கு விட வேண்டிய தண்ணீர் 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). பொழுது சாய்வதற்குள் அந்த எண் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் விவசாயிகள் சங்கக் கட்டடத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒருவர் எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரைப் பங்கிட்டுக் கண்காணிக்க நாம் கேட்டுவந்த காவிரி மேலாண்மை வாரியத்தைப் பற்றித்தான் கேட்டார். “தம்பி, வாரியம் உண்டுன்னு போட்டிருக்கா, இல்லைன்னு போட்டிருக்கா? அதை மட்டும் சொல்லு” என்றார்.

போனில் பி.டி.எஃப். இருந்தது. 465 பக்கம். தேடிப் பார்த்தால் ‘வாரியம்’ பல இடங்களில் வருகிறது, ஆனால் ஆணையிடுகிற இடத்தில் இருப்பது ‘ஸ்கீம்’ என்ற சொல். அவருக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் வக்கீல் இல்லை. சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன். அந்த ஒரு சொல்லுக்காகத் தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்து, விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். காவிரித் தீர்ப்பே முக்கிய உதாரணம். ஆனால் எந்த அரசியலமைப்புத் தீர்ப்பைப் படிக்கவும் இந்த முறை உதவும்.

தொடங்கும் முன் ஒன்று. சொல்லின் பொருள் இடத்தைப் பொறுத்தது என்பது டெல்டாவில் யாருக்கும் புதிதல்ல. ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகைத் தூக்கினால் அங்கே ‘தண்ணி வந்தாச்சு’. கல்லணையில் திறந்துவிட்டால் தஞ்சாவூரில் ‘வந்தாச்சு’. கடைமடையில் அதே சொல்லைச் சொல்ல வேண்டுமென்றால் ஆற்றில் வந்ததா, வாய்க்காலில் ஏறியதா, வயலில் பாய்ந்ததா என்று மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். “எனக்கு ஆறு மா இருக்கு” என்று ஒருவர் சொன்னால், அது இரண்டு ஏக்கர் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். யாரும் மாமரத்தை நினைப்பதில்லை. தீர்ப்பைப் படிக்கும்போதும் இந்தப் புத்தியை வாசலில் கழற்றி வைக்காமல் கூடவே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: தீர்ப்பையே கையில் எடுங்கள்

தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரி தீர்ப்பு அல்ல. வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு பத்தியும் தீர்ப்பு அல்ல. உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்திலும், அதன் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் தளத்திலும் தீர்ப்புகளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

ஆனால் அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அதனால் பொருளில் சந்தேகம் வந்தால் ஆங்கில மூலத்துக்குத்தான் போக வேண்டும். இது சின்ன விஷயமில்லை. ‘ஸ்கீம்’ தமிழில் ‘திட்டம்’ ஆனது. நமக்குத் திட்டம் என்றால் நூறு நாள் வேலைத் திட்டம், கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம். பணம் ஒதுக்கிச் செய்கிற வேலை. அந்த வழக்கில் அந்தச் சொல் குறித்தது இது எதையும் அல்ல. மொழிபெயர்ப்பில் படிக்கும்போது, சண்டை நடக்கிற அந்த ஒரு சொல்லுக்காவது மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன?

இதைத் தாண்டிவிட்டுப் படித்தால் மற்ற எல்லாப் படிகளும் வீண். நீதிபதிகள் அகராதி எழுத உட்காரவில்லை. அவர்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஒரு சொல்லை எடுத்து விளக்குகிறார்கள்.

இதற்குக் காவிரி வழக்கிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம், 1956. அதன் 6ஆம் பிரிவில் 2002இல் ஒரு வரி சேர்த்தார்கள்: நடுவர் மன்றத்தின் (நதிநீர்த் தகராறைத் தீர்க்க அமைக்கும் தனி மன்றம்) முடிவுக்கு, உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்கு உள்ள அதே வலு உண்டு. 2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. மாநிலங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மேல்முறையீடே செல்லாது என்பது மத்திய அரசின் வாதம். நடுவர் மன்றத்தின் முடிவு உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்குச் சமம் என்று சட்டமே சொல்லும்போது, உச்ச நீதிமன்ற ஆணை மீது உச்ச நீதிமன்றத்திலேயே எப்படி மேல்முறையீடு செய்ய முடியும்?

சொல்லை மட்டும் பார்த்தால் வாதம் சரியாகத்தான் தெரிகிறது. 2016 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ‘அதே வலு’ என்பது எதற்காகச் சட்டத்தில் வந்தது என்று கேட்டது. முடிவை நடைமுறைப்படுத்துவதற்காக வந்தது. மாநிலங்கள் முடிவை அலட்சியம் செய்யாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஒரு காரியத்துக்குத்தான் அதற்கு உச்ச நீதிமன்ற ஆணையின் பலம். அதனால் அது உச்ச நீதிமன்றமே எழுதிய ஆணை ஆகிவிடாது. அரசியலமைப்பின் 136ஆம் பிரிவு தரும் மேல்முறையீட்டு அதிகாரம் அப்படியே நிற்கும். நம் ஊர் வழக்கத்தில் சொன்னால், அண்ணன் வெளியூரில் இருக்கும்போது தம்பி பத்திரத்தில் கையெழுத்துப் போட அதிகாரம் வாங்கியிருக்கிறார். அந்தக் காரியத்துக்கு அவர் கையெழுத்துதான் அண்ணன் கையெழுத்து. அதற்காக அவர் அண்ணன் ஆகிவிட முடியாது.

இந்த வழி அடைபட்டிருந்தால் 2018 தீர்ப்பே வந்திருக்காது. ஒரு சொற்றொடரின் பொருள்தான் கதவைத் திறந்தது.

ஆகவே தீர்ப்பின் தொடக்கப் பக்கங்களில் எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட கேள்விகள், எங்கே என்று தேடி, அவற்றை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். சொந்தத் தமிழில் எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

படி 3: சொல் எந்த வீட்டுச் சொல்?

ஒரு தீர்ப்பில் வரும் சொல் அரசியலமைப்பிலிருந்து வந்திருக்கலாம், சாதாரணச் சட்டம் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம், பழைய ஒப்பந்தத்திலிருந்தோ நிபுணர் அறிக்கையிலிருந்தோ வந்திருக்கலாம். பிறந்த வீட்டைக் கண்டுபிடியுங்கள்.

‘அரசு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, அடிப்படை உரிமைகள் பகுதிக்காக அதற்கு விரிந்த பொருள் தருகிறது. மத்திய அரசு, மாநில அரசு மட்டுமல்ல. நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளும் அதில் அடக்கம். அதனால் உங்கள் ஊராட்சி சமத்துவ உரிமையை மீறினால், ‘அரசு மீறியது’ என்றே வழக்குப் போடலாம். ஆனால் 131ஆம் பிரிவில், அதாவது மாநிலங்களும் மத்திய அரசும் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்காடும் பிரிவில், அந்த விரிந்த பொருள் செல்லாது என்று 1970இல் பீகார் மாநிலம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுக்குச் சொந்தமான நிறுவனம்கூட அங்கே ‘அரசு’ ஆகாது. ஒரே புத்தகம், ஒரே சொல், இரண்டு அளவு.

இது முரண்பாடு இல்லை. 12ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே ‘இந்தப் பகுதியில், சூழல் வேறு பொருளைக் கோரினாலொழிய’ என்றுதான் எழுதியிருக்கிறது. பொருள் விளக்கங்களைத் தொகுத்துத் தரும் 366ஆம் பிரிவும் இதே எச்சரிக்கையோடுதான் ஆரம்பிக்கிறது. சூழலைப் பார் என்று அரசியலமைப்பே கையைப் பிடித்துச் சொல்கிறது. அந்த அரை வரியை நான் பல வருடம் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

படி 4: பேசுவது யார்?

நீளமான தீர்ப்புகளில் பெரும்பகுதி நீதிபதிகளின் முடிவு அல்ல. மனுதாரர் வாதம், எதிர்த்தரப்பு வாதம், கீழே உள்ள மன்றம் சொன்னது, பழைய தீர்ப்புகளின் மேற்கோள், இவையெல்லாம் பக்கம் பக்கமாக ஓடும். ஒரு தரப்பின் வாதத்தை வெட்டி எடுத்து ‘உச்ச நீதிமன்றம் சொன்னது’ என்று பகிர்வது தினமும் நடக்கிறது. எங்கள் சங்கத் துண்டறிக்கை ஒன்றிலேயே அப்படி ஒரு பத்தி அச்சாகிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை எங்கள் வெற்றி என்று போட்டிருந்தோம். அதற்குப் பிறகு நான் மூன்று கலர் பென்சில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்: வாதத்துக்கு ஒரு நிறம், மேற்கோளுக்கு ஒரு நிறம், நீதிபதிகள் தம் வாயால் ‘நாங்கள் கருதுகிறோம்’, ‘ஆணையிடுகிறோம்’ என்று சொல்லும் இடத்துக்குச் சிவப்பு.

சிவப்பிலும் இரண்டு தரம் உண்டு. முடிவுக்கு அவசியமான காரணம் ஒன்று. அதை வக்கீல்கள் ‘ரேஷியோ’ என்பார்கள். போகிற போக்கில் சொன்ன கருத்து இன்னொன்று, அது ‘ஒபிட்டர்’. பின்னால் வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்துவது முதலாவது மட்டும். கேள்வியின் சூழலிலிருந்து ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ பிய்த்து எடுத்து அதையே முழுச் சட்டம் என்று கொள்ளக் கூடாது என 1992இல் சன் இன்ஜினியரிங் என்ற வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

படி 5: வினைச்சொல்லையும் அடுத்த வரியையும் விடாதீர்கள்

இப்போது ‘ஸ்கீம்’ கதைக்கு வருவோம். இந்த இடத்தில் நிதானமாகப் போக வேண்டும்.

2007 நடுவர் மன்றத் தீர்ப்பு காவிரி மேலாண்மை வாரியம், ஒழுங்காற்றுக் குழு என்ற பெயர்களைப் பயன்படுத்தியது. பக்ரா பியாஸ் மேலாண்மை வாரியம் அதற்கு முன்மாதிரி. பதினொரு வருடம் ‘வாரியம்’ என்ற சொல்லை வைத்துத்தான் நாம் சாலை மறியல் செய்தோம், ரயில் மறித்தோம். 2018 தீர்ப்பிலோ, மத்திய அரசு ஆறு வாரத்துக்குள் ஒரு ‘ஸ்கீம்’ வகுக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் கால நீட்டிப்பு கிடையாது என்று இருந்தது. மார்ச் 29 அன்று கெடு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ‘ஸ்கீம்’ என்றால் என்ன என்று விளக்கம் கேட்டு மத்திய அரசு நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாடு அவமதிப்பு வழக்குப் போட்டது. டெல்டா கொதித்தது. ‘வாரியம் என்று சொல்லவில்லையே’ என்று ஒரு பக்கம், ‘ஸ்கீம் என்றாலே வாரியம்தான்’ என்று இன்னொரு பக்கம்.

நான் செய்தது, படி 3இல் சொன்னதைத்தான். அந்தச் சொல்லின் பிறந்த வீட்டைத் தேடினேன். 1956 சட்டத்தின் 6ஏ பிரிவு அது, 1980இல் சேர்த்தது. நடுவர் மன்றத்தின் முடிவைச் செயல்படுத்தத் தேவையான எல்லாவற்றுக்கும் வழிசெய்து மத்திய அரசு ஒரு ‘ஸ்கீம்’ வகுக்கலாம் என்கிறது முதல் வரி. அடுத்த உட்பிரிவைப் படித்தபோது எனக்கு மூச்சே நின்றது. அந்த ஸ்கீமில் ஓர் அதிகார அமைப்பை நிறுவலாம். அந்த அமைப்பு அந்தப் பெயரால் குறிக்கப்பட்டாலும் சரி, குழு என்றோ வேறு அமைப்பு என்றோ குறிக்கப்பட்டாலும் சரி என்று அங்கே எழுதியே இருக்கிறது. பெயர் முக்கியமில்லை என்று சட்டம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது. ‘ஸ்கீம்’ என்பது முழு ஏற்பாடு; வாரியமோ ஆணையமோ அதற்குள் இருக்கும் ஓர் உறுப்பு. வாய்க்காலும் மதகும் போல. மதகு இல்லாத வாய்க்காலால் பயனில்லை. ஆனாலும் மதகு வேறு, வாய்க்கால் வேறு.

வினைச்சொல்லையும் பாருங்கள். சட்டத்தில் ‘வகுக்கலாம்’. நீதிமன்ற ஆணையில் ‘ஆறு வாரத்துக்குள் வகுக்க வேண்டும்’. ஆங்கிலத்தில் ‘மே’ என்பதும் ‘ஷல்’ என்பதும். சட்டத்தில் விருப்பம் போலத் தெரிந்தது, ஆணையில் கடமையாகிவிட்டது. அதனால், சட்டத்தில் ‘மே’ என்றுதானே இருக்கிறது என்று பிப்ரவரி 16க்குப் பிறகு வாதாட இடமே இல்லாமல் போனது.

மே மாதம் மத்திய அரசு வரைவு கொடுத்தபோது, அமைப்பின் பெயர் வாரியமா, ஆணையமா, குழுவா என்பதை நீதிமன்றத்தின் முடிவுக்கே விட்டது. மே 18இல் ஒப்புதல். ஜூன் 1 அன்று அரசிதழில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம். “அப்ப வாரியம் இல்லையா தம்பி?” என்று பெரியப்பா மறுபடி கேட்டார். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. “பேரு ஆணையம் பெரியப்பா. பேரை விடுங்க. யாரு கூடுவாங்க, எப்பக் கூடுவாங்க, சொன்னதைக் கேக்காத மாநிலத்தை என்ன செய்ய முடியும், அதைப் பாப்போம்” என்று சொல்லி, அரசிதழின் அதிகாரங்கள் பகுதியை இருவரும் வரி வரியாகப் படித்தோம். ஒத்துழைக்காத மாநிலம் இருந்தால் ஆணையம் மத்திய அரசின் உதவியை நாடலாம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, “உதவின்னா என்ன உதவி?” என்றார். சரியான கேள்வி. நாம் மறியல் செய்திருக்க வேண்டிய சொல் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

படி 6: தொழில் சொற்களைத் தனியே எடுத்து வையுங்கள்

காவிரித் தீர்ப்பில் ‘இடர்ப்பாட்டு ஆண்டு’ என்று வரும். நமக்கு இடர்ப்பாடு என்றால் பயிர் கருகியது, நகை அடகுக்குப் போனது. அங்கே அதன் பொருள் வேறு: காவிரிப் படுகையின் மொத்த நீர்வரத்து குறைந்த ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் மாநிலங்களின் பங்கு அதே விகிதத்தில் குறையும். நம் வயல் காய்ந்ததால் மட்டும் அது இடர்ப்பாட்டு ஆண்டு ஆகாது. கர்நாடகம் சொல்வதாலும் ஆகாது. ‘இயல்பான ஆண்டு’ என்பதும் அப்படித்தான்: படுகையில் 740 டி.எம்.சி. கிடைக்கிற ஆண்டு. கர்நாடகம் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டி.எம்.சி. விட வேண்டும் என்ற மாதக் கணக்கு அந்த ஆண்டுக்கு உரியது. கணக்கை மட்டும் கேட்டு, அதன் தலைப்பில் இருக்கும் ‘இயல்பான ஆண்டில்’ என்பதை விட்டுவிட்டால் வாதத்தில் தோற்போம்.

எண்களுக்கும் சூழல் உண்டு. தமிழ்நாட்டுக்கு 404.25 என்கிறார் ஒருவர், 177.25 என்கிறார் இன்னொருவர், இருவரும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் சரி. 404.25 என்பது படுகையின் மொத்த நீரில் தமிழ்நாட்டின் பங்கு. நம் எல்லைக்குள் பெய்து கிடைப்பதும் அதில் சேர்த்தி. 177.25 என்பது மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு வந்துசேரக் கர்நாடகம் விட வேண்டிய நீர். முன்பு இது 192.

‘நியாயமான பங்கீடு’ என்பதைச் சமமான பங்கீடு என்று படிக்காதீர்கள். கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சமம் எங்கே இருக்கிறது? தேவை, பழைய பாசனம், குடிநீர், மாற்று வழி எல்லாம் பார்த்து ஒதுக்குவதற்குத்தான் அந்தப் பெயர்.

‘டெல்டா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசனப் பொறியியலில் ‘டெல்டா’ என்றால் ஒரு பயிர் விதைப்பிலிருந்து அறுவடை வரை குடிக்கும் நீரின் மொத்த உயரம். நிபுணர் சாட்சியத்தில் ‘நெல்லின் டெல்டா’ என்று வந்தால் அது தஞ்சாவூரைக் குறிப்பதல்ல.

படி 7: தேதியையும் அமர்வையும் பாருங்கள்

சொல்லுக்கு வயது உண்டு. நீதிபதி நியமனத்தில் தலைமை நீதிபதியோடு ‘கலந்தாலோசனை’ என்கிறது அரசியலமைப்பு. 1981இல், கலந்தாலோசனை என்றால் ஒப்புதல் அல்ல என்றது நீதிமன்றம். 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதலிடம் என்றார்கள். அரசியலமைப்பின் அந்தப் பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவின் ‘சட்டம் நிறுவிய நடைமுறை’யும் அப்படியே. 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும். 1978இல் மேனகா காந்தி வழக்குக்குப் பிறகு அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

அண்மைய உதாரணம் நம் மாநிலத்து வழக்கு. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய 200ஆம் பிரிவில் ‘இயன்ற விரைவில்’ என்று வருகிறது. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு மாதக் கணக்கில் காலவரையறை வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐவர் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலவரையறை விதிக்க முடியாது என்றது. ஏப்ரலில் எழுதிய கட்டுரையை மட்டும் படித்தவர் டிசம்பரில் தவறாகப் பேசுவார்.

படி 8: அகராதியைக் கடைசியில் திறங்கள்

அகராதி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1954இல் சிரூர் மடம் வழக்கில், ‘சமயப் பிரிவு’ என்பதற்கு உச்ச நீதிமன்றமே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத்தான் பார்த்தது. பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப் பெயர் என்ற மூன்று அடையாளங்கள் அப்படித்தான் பிறந்தன. ஆனால் அதே மூன்றை வைத்து 1982இல் அரவிந்தர் சங்கம் சமயப் பிரிவு அல்ல என்று பெரும்பான்மை முடிவு வந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில், பொது தீட்சிதர்கள் சமயப் பிரிவினர் என்ற நிலையை 2014 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்றது. அகராதி ஒன்றுதான், எதிரே வந்து நின்றவர்கள் வேறு.

நீதிபதி சின்னப்ப ரெட்டி 1987இல் ரிசர்வ் வங்கி வழக்கொன்றில், எழுத்து நெசவு என்றால் சூழலே அதற்கு வண்ணம் தருகிறது என்ற பொருளில் எழுதினார். திருபுவனம் பட்டுத் தறியில் சாயம் ஏற்றிய நூலும் ஏற்றாத நூலும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படி 9: ஒரு சொல்லை எடுத்து நீங்களே செய்து பாருங்கள்

1924 பிப்ரவரி 18 ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணமும் மைசூரும் போட்டது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு சில ஏற்பாடுகள் ‘மறுபரிசீலனை’ செய்யப்படும் என்று அதில் இருக்கிறது. ஒப்பந்தம் காலாவதி ஆகாது, மறுபரிசீலனைதான் என்பது தமிழ்நாட்டின் வாதம். 1974இல் அது முடிந்துவிட்டது என்றது 2018 தீர்ப்பு.

ஒரு தாளை நான்காக மடியுங்கள். முதல் கட்டத்தில் சொல்லையும் அது வரும் பத்தி எண்ணையும் எழுதுங்கள். இரண்டாவதில் அது எந்த ஆவணத்துச் சொல், யார் வாயில் வருகிறது. மூன்றாவதில் நீதிமன்றம் தனக்கு எழுப்பிக்கொண்ட கேள்வி. நான்காவதில், இதே சொல்லுக்கு வேறு பொருள் கொண்டிருந்தால் முடிவு எப்படி மாறியிருக்கும். கடைசிக் கட்டம்தான் கஷ்டம். எழுத முடியாவிட்டால் மூன்றாவதுக்குத் திரும்பிப் போய்க் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். எங்கள் சங்கத்தில் மாதத்துக்கு ஒரு சொல் இப்படிச் செய்கிறோம். பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து பத்தி எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அடுத்த மாதத்துக்கு அவரே எடுத்துக் கொடுத்திருக்கும் சொல் ‘உதவி’.